ஏப்பத்துக்கு ஒரு பதில்

அடக்குங்க, அடக்குங்க, இன்னும் கொஞ்சம், இப்ப மெதுவா ஊதுங்கப்பா, பலூன் ஊதற மாதிரி வேண்டாம், சூடான காபியை ஊதற மாதிரி என்று அந்த ஆஸ்பத்திரிப் பெண் சொன்னதும் கனகசபைக்கு மற்றதெல்லாம் மறந்து காபிதான் நினைவில் நின்றது. நேற்று முழுக்க வெள்ளைச் சோற்றையும் பச்சைத் தண்ணீரையும் தவிர வேறெதுவும் உள்ளே போகவில்லை என்று யாரிடமாவது சொல்லிப் பெருமூச்சு விட அவருக்கு ஆசைதான், ஆனால் அது முழு உண்மை இல்லை, அதைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம் என்று மனசை ஒரு பக்கம் தள்ளிவிட்டு அட்டைக் குழாயை உதட்டில் கவ்வி ஊதினார். பழைய டிரான்சிஸ்டர் அளவுக்கு ஒரு பெட்டி. அதற்கு இவ்வளவு காசு, இவ்வளவு குளிர்சாதனம், வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்லி ஒரு பலகை. பெட்டி சிணுங்கியது, பர்வீன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த அந்தப் பெண் குனிந்து எண்ணைப் பார்த்தாள், அவரும் எட்டிப் பார்த்தார், பதினாலு. முப்பத்து நாலு வருஷம் எடையளவுத் துறையில் முத்திரை ஆய்வாளராக இருந்தவருக்கு ஒரு முள்ளோ எண்ணோ கண்ணில் பட்டால் படிக்காமல் இருக்க முடியாது. "கொஞ்சம் கூடத்தான் இருக்கு, ஆனா பரவால்ல, ஆரம்பிச்சுடலாம். நேத்து முழுக்க வெறும் வெள்ளைச் சோறுதானே சாப்பிட்டீங்க? பருப்பு, பயறு, பழம் எதுவும் இல்லையே?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றார் கனகசபை. சொல்லும்போது குரல் பிசிறவில்லை என்பது அவருக்கே வியப்பாக இருந்தது. அவள் ஒரு பெரிய டம்ளர் நிறைய குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் கொடுத்து ஒரே மூச்சில் குடிக்கச் சொன்னாள், குடித்தார், பல்லெல்லாம் கூசியது. இனி இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊத வேண்டும், நடக்கக் கூடாது, தூங்கக் கூடாது, வாயில் எதையும் போடக் கூடாது. கூட யாரும் வரலையா என்று கேட்டாள். வரவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

ஜன்னலோரம் ஒரு நாற்காலி. கீழே தில்லைநகர் தெருவில் ஆட்டோக்காரன் யாரோடோ சண்டை போடுவது வாயசைவாக மட்டும் தெரிந்தது, சத்தம் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. டாக்டர் போன வாரம் படம் போட்டுச் சொன்னார். சிறுகுடலில் இருக்கக் கூடாத அளவுக்குக் கிருமிகள் குடியேறியிருந்தால் அவை இந்தச் சர்க்கரையைத் தின்று வாயுவை உண்டாக்கும், ஹைட்ரஜன், அது குடலிலிருந்து ரத்தத்துக்குப் போய், ரத்தத்திலிருந்து நுரையீரலுக்குப் போய், மூச்சில் வந்துவிடும். வயிற்றில் நடப்பது மூச்சில் தெரியுமா என்று கேட்டார் கனகசபை. தெரியும், நமக்கே தெரியாதபடி வந்துகொண்டிருக்கும் என்றார் டாக்டர். அது அவரைக் கொஞ்சம் கலக்கியது. என்னென்னவெல்லாம் இப்படி வந்துகொண்டிருக்கிறதோ. வரட்டும், வரட்டும், நிறைய வரட்டும், கிருமிகளே நன்றாகச் சாப்பிடுங்கள், எண்ணை ஏற்றிவிடுங்கள் என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தார். சிரிப்பாகத்தான் இருக்கிறது, அறுபத்து மூன்று வயதில் ஒரு மனுஷன் தனக்கு வியாதி இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து வேண்டிக்கொள்வது. ஆனால் சௌந்தரம் சொல்லிவிட்டாளே. சௌந்தரம் அவர் மனைவி, இரண்டு வருஷமாகப் புனேயில் மகள் அகிலா வீட்டில் இருக்கிறாள். பிரசவத்துக்கு என்று போனவள். மூன்று மாசத்தில் வந்துவிடுவதாகப் பேச்சு, பிறகு அகிலாவுக்கு லீவு முடிந்தது, பிறகு குழந்தைக்கு முகம் பழகிவிட்டது, பிறகு அத்தை இல்லேன்னா எங்க வீட்டுல ஒண்ணும் ஓடாது மாமா என்று மாப்பிள்ளை பிரசன்னா ரொம்ப மரியாதையாகச் சொன்னான், அவ்வளவு மரியாதையாகச் சொன்னதற்கு என்ன பதில் சொல்வது. போன வாரம் இந்தச் சோதனையைப் பற்றிப் போனில் சொன்னபோது சௌந்தரம், அதுல ஏதாவது இருக்குன்னு வந்துட்டா நான் கிளம்பி வந்துடறேன், பத்தியச் சாப்பாடெல்லாம் நீங்களாப் பண்ணிக்க முடியாது என்றாள். அன்றிலிருந்து கனகசபைக்கு வயிறு வலித்தால் சந்தோஷம். வலிக்காத நாளில் கவலை. வா என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடுகிற விஷயம்தானே என்று யாராவது கேட்கலாம். கேட்பவர்களுக்கு என்ன, அவர் கல்யாணமானதிலிருந்து அவளிடம் எதையும் கேட்டு வாங்கியதில்லை. தொண்டையைக் கனைத்தால் தண்ணீர் வரும். பேப்பரை மடித்தால் காபி வரும். சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றால் குடையும் பையும் வரும். பேரைச் சொல்லிக் கூப்பிட்டதுகூட இல்லை, இந்தா என்பார், அல்லது அதுவும் இல்லாமல் சும்மா நிற்பார். புனேக்குப் போன புதிதில் ஒருநாள் போனில் கனைத்துப் பார்த்தார், தொண்டை கட்டிருக்கா, பால்ல மிளகு போட்டுக் குடிங்க என்றாள். அவ்வளவு தூரத்துக்குக் கனைப்பு போய்ச் சேருவதில்லை.

"அப்பா, ஊதணும்" என்று பர்வீன் வந்து நின்றாள். அப்பா என்று அவள் எல்லோரையும்தான் கூப்பிடுகிறாள், அடுத்த நாற்காலியில் இருந்த, இவரைவிட இளையவனாகத் தெரிந்த ஆளையும் அப்பா என்றாள், இருந்தாலும் அந்தச் சொல் காதில் விழும்போது முதுகு கொஞ்சம் நிமிர்கிறது. ஊதினார். பன்னிரண்டு. இது என்ன, இறங்குகிறது. சர்க்கரை இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது, சிறுகுடல் என்றால் எவ்வளவு நீளம், இருபத்தோரு அடி என்று பள்ளிக்கூடத்தில் படித்தது. "எவ்வளவு வந்தா வியாதின்னு அர்த்தம்மா?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார். "மொதல்ல ஊதினீங்கல்ல, அதுலேர்ந்து ஒரு இருபதாவது ஏறணும்பா. அதைத்தான் அடின்னு வச்சுக்குவோம், அதுக்கு மேல எவ்வளவு ஏறுதுன்னுதான் கணக்கு" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அடிவயிற்றில் களகளவென்று ஒரு குமிழி நகர்ந்தது, எங்கோ முட்டி நின்றது. நேற்றுச் சாயங்காலத்து மொச்சைச் சுண்டல் இப்போது ஒளிய இடமில்லாமல் எதிரே வந்து நின்றது. தெரு முனைத் தள்ளுவண்டியில் வாங்கினார். வாங்கும்போது சும்மா பார்க்கத்தான் வாங்குவதாகத் தனக்கே சொல்லிக்கொண்டார். பயறு, பருப்பு வகை சாப்பிட்டால் வாயு ஏறி எண் கூடிவிடும், அதனால் தொடவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் தமிழில் போட்டிருந்தது, தடித்த எழுத்தில். படித்தவுடன் மனசில் ஒரு கதவு திறந்துகொண்டது. மேஜைமேல் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காந்தி மார்க்கெட்டில் தராசுத் தட்டுக்கு அடியில் புளியை ஒட்டி வைத்திருந்த வியாபாரியைப் பிடித்தது இதே கை. அந்த ஆள் அன்றைக்குச் சாமி சத்தியமா எனக்குத் தெரியாது சார் என்று சொன்னபோது அவன் குரலும் பிசிறவில்லை. படிக்கல்லைக் கவிழ்த்து அடியில் ஈயத்தைக் குடைந்தெடுத்திருக்கிறார்களா என்று தடவிப் பார்க்கும் அதே விரலால்தான் ஒவ்வொரு மொச்சையாக எடுத்துப் போட்டுக்கொண்டார், ஒரு கைப்பிடி, உப்பு கொஞ்சம் தூக்கல், தேங்காய் சீவிப் போட்டிருந்தான், நன்றாகத்தான் இருந்தது. செய்ததே செய்தோம், அதையாவது ஒழுங்காகச் செய்தோமா. முதல் எண்ணை அடியாக வைத்துக்கொண்டு அதற்கு மேல் ஏறுவதைத்தான் கணக்கிடுவார்கள் என்று தெரிந்திருந்தால் மொச்சையைத் தொட்டிருப்பாரா. எடை போடுவதற்கு முன்பே கல்லை வைத்துவிட்டு முள்ளை நடுவில் கொண்டுவந்த கதை. அந்தக் கல்லும் இப்போது கரைந்துகொண்டே வருகிறது, முள் கீழே இறங்குகிறது. வேறு யார் செய்திருந்தாலும் மன்னித்திருப்பார். முத்திரை ஆய்வாளர், தட்டு மாற்றிக் கல் வைத்தவர். அவருக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிட அதிகமாகப் பயமாக இருந்தது, சௌந்தரம் வரமாட்டாள்.

அவரே புனேக்குப் போய் அவர்களோடு இருக்கலாமே. இருந்து பார்த்தார். ஹாலில் சோபாவை இழுத்தால் கட்டிலாகிவிடும், அதில்தான் படுக்கை, பகலில் அதை மடித்துவிட்டால் உட்காரவும் அதுதான். எட்டாவது மாடி. ஜன்னலில் தெரிவதெல்லாம் இன்னொரு எட்டாவது மாடி. பிரசன்னா ஹாலிலேயே மேஜை போட்டு அமெரிக்காக்காரர்களோடு பேசுவான், காதில் மாட்டிக்கொண்டு, பத்துப் பதினைந்து முகம் கட்டம் கட்டமாகத் தெரியும், அந்த நேரம் பார்த்துக் கனகசபைக்கு வந்தது. சாதாரண ஏப்பமா அது, வயிற்றின் அடியிலிருந்து கிளம்பி, நெஞ்சில் நின்று யோசித்து, பிறகு மனசை மாற்றிக்கொள்ளாமல் வெளியே வந்த ஏப்பம். கட்டத்தில் இருந்த முகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. சாரி, மை ஃபாதர் இன் லா என்று பிரசன்னா சிரித்தான். சிரித்தான், உண்மையாகவே சிரித்தான், கோபமில்லை, அகிலாவும் சிரித்தாள், குழந்தைகூட அதே மாதிரிச் செய்துகாட்டியது. சௌந்தரம் மட்டும் சிரிக்கவில்லை. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள், கொஞ்ச நேரத்தில் ஓமத் தண்ணீர் வந்தது. அதன் பிறகு வந்ததையெல்லாம் அடக்கி அடக்கி நெஞ்சு எரிந்தது, ராத்திரி லிஃப்டில் கீழே போய்க் கார் நிறுத்துமிடத்தில் தனியாக நின்று விட்டுவிட்டு வருவார், காவலாளி ஒருநாள் கேள்வி கேட்டான், இந்தியில். மறுநாளே டிக்கெட் எடுக்கச் சொன்னார். ஊர் வந்து வீட்டைத் திறந்து நடுக்கூடத்தில் நின்று ஒன்று விட்டார் பாருங்கள், சுவரெல்லாம் கேட்டது. அப்பாடா என்று இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, கேட்டது சுவர் மட்டும்தான். முன்பெல்லாம் கூடத்தில் இவர் ஏப்பம் விட்டால் அடுக்களையிலிருந்து குரல் வரும், சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள், இது உருளைக்கிழங்கு, அப்பவே வேண்டாம்னேன், இது வெறும் வயிறு, இருங்க தோசை ஊத்தறேன், இது என்னவோ நல்லால்லியே, பெருங்காயம் கரைச்சுத் தரட்டுமா. முப்பது வருஷத்துக்கு மேல் அவருடைய ஏப்பத்துக்குப் பதில் இருந்தது. இப்போது விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறார், பழக்கம், காது அடுக்களைப் பக்கம் திரும்பி நிற்கிறது, பிறகு போய் டிவியைப் போடுகிறார். இதையெல்லாம் டாக்டரிடம் சொல்ல முடியுமா. எப்ப அதிகமா இருக்கு என்று டாக்டர் கேட்டார், சாயங்காலத்தில் என்றார். ஒருவேளை இது வெறும் வாயு இல்லை என்றால். நெஞ்சு அடைக்கும்போது வாயுதான் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தே போனவர்கள் உண்டு, அவருடைய ஆபீஸில் ஸ்டோர்ஸ் பார்த்த திரவியம் அப்படித்தான் போனான், சோடா வாங்கிவரச் சொல்லிவிட்டு. திரவியத்துக்காவது சோடா வாங்கிவர ஆள் இருந்தது. பால்காரர் பையை வாசல் கொக்கியில் மாட்டிவிட்டுப் போவார், நேற்றுப் பையும் அங்கேயே இருந்தால் கதவைத் தட்டுவாரா, இல்லை இரண்டாவதையும் மாட்டிவிட்டுப் போவாரா. தட்டுவார், நல்ல மனுஷன். கேட்டு வைத்துக்கொள்ளலாம், ஆனால் இதை எப்படி ஒருவரிடம் கேட்பது.

ஒன்பது. எட்டு. மறுபடி எட்டு. ஒவ்வொரு தடவையும் பர்வீன் எழுதிக்கொண்டு போனாள், ஒவ்வொரு தடவையும் புது அட்டைக் குழாய், பழையதைச் சிவப்பு வாளியில் போட்டாள். வயிற்றில் சத்தம் மட்டும் ஊரைக் கூட்டுகிறது, எண் அசையவில்லை. குளிரில் கண் செருகியது. சொக்கிப்போன நேரத்தில் சௌந்தரம் கதவைத் திறந்துகொண்டு வருகிறாள், கையில் புனேக்கு எடுத்துப்போன பழுப்புநிறப் பை, வந்ததும் வராததுமாக வீடு என்ன இப்படிக் கிடக்கு என்கிறாள், இது வீடு இல்லை ஆஸ்பத்திரி என்று சொல்ல வாயெடுக்கிறார், "அப்பா, தூங்கக் கூடாது" என்று தோளில் கை வைத்து உலுக்கினாள் பர்வீன். தோளில் ஒரு கை பட்டு எவ்வளவு நாளாயிற்று. முடி வெட்டுகிறவன் தொடுவது கணக்கில் சேருமா. "தூங்கினா மூச்சு மாறிடும், நம்பர் சரியா வராது. எதாவது பேசிட்டிருங்க" என்றாள். "யார்கூடம்மா?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார், ஆனால் அவள் போகாமல் நின்றுவிட்டாள். "வீட்டுல அம்மா இருக்காங்களாப்பா?" "புனேல இருக்கா. மக வீட்டுல." "எப்ப வருவாங்க?" கனகசபை பெட்டியைக் காட்டினார். "அது சொல்லணும்" என்றார். அவளுக்குப் புரியவில்லை, புரியாவிட்டாலும் சிரித்துவைத்தாள். சொல்லிவிடலாமா இவளிடம், மொச்சை சாப்பிட்டேன், முதல் எண் பொய், எல்லாவற்றையும் அழித்துவிட்டு இன்னொரு நாள் முதலிலிருந்து வைத்துக்கொள்ளலாம் என்று. மகள் வயசுப் பெண்ணிடம், அதுவும் அப்பா என்று கூப்பிட்டவளிடம், ஏன்ப்பா சாப்பிட்டீங்க என்று கேட்டால் என்ன பதில். பசித்தது என்று சொல்லலாம். மறுபடியும் ஒரு பொய். அடுத்த ஆளின் பெட்டி சிணுங்கியது, அவள் போய்விட்டாள்.

கடைசித் தடவை ஊதும்போது மூச்சை ரொம்ப நேரம் அடக்கினார், அவள் போதும் என்று சொன்ன பிறகும் அடக்கினார், உள்ளே எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் சேர்த்து வழித்துக் கொண்டு வந்துவிட வேண்டும் என்பதுபோல். கண்ணில் நீர் முட்டியது. ஊதினார். ஏழு. "டாக்டர்தான் சொல்லணும், ஆனா ஒண்ணும் இல்லப்பா, நார்மல்தான், நிம்மதியாப் போங்க, கீழ கேன்டீன்ல இட்லி நல்லாருக்கும்" என்று சந்தோஷமாகச் சொன்னாள் பர்வீன். அவளுடைய சந்தோஷத்தைப் பார்த்து அவரும் சந்தோஷப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்தார். தாழ்வாரத்தில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், எல்லோரும் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு. சுவரோரம் ஒதுங்கி நின்று போன் செய்தார். மணி அடிப்பதற்கு முன்பே எடுத்துவிட்டாள், கையிலேயே வைத்திருந்திருப்பாள் போல.

"என்னங்க, என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லையாம்."

"ஒண்ணுமேவா?"

"நார்மல்ங்கறாங்க."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது, குழந்தை எதற்கோ அழுதது. நல்ல சேதி சொன்னால் சௌந்தரம் பெருமாளே என்பாள், இன்றைக்கு அது வரவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நல்லாப் பாத்தாங்களா? மிஷின் சரியா இருந்துதா?" என்றாள். இருந்தது என்றார். "இல்ல, நான் துணியெல்லாம் எடுத்துப் பையில வச்சுட்டேன். அப்பாவுக்கு என்னமோ இருக்கும் போலிருக்கு, நான் போய்த்தான் ஆகணும்னு அகிலாகிட்டயும் சொல்லி வச்சுட்டேன். மாப்பிள்ளைகூட சரின்னுட்டார்" என்றாள். "இன்னொரு தடவை ஊதிப் பாக்கச் சொல்லுங்களேன்."

கனகசபை சுவரில் சாய்ந்துகொண்டார். இரண்டு வருஷமாக அவளும் அங்கே யாராவது கேட்கட்டும் என்று நின்றுகொண்டிருந்திருக்கிறாள். ஊருக்குப் போகிறேன் என்று மகளிடம் சொல்ல அவளுக்கு ஒரு காரணம் வேண்டும், வா என்று சொல்ல இவருக்கு ஒரு காரணம் வேண்டும், இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தக் காரணத்தை ஒரு பெட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். சொல்லலாம், மொச்சை தின்றேன், சோதனை கெட்டுப்போயிற்று, அடுத்த வாரம் மறுபடி ஊதப்போகிறேன், அதுவரை துணியைப் பையிலேயே வைத்திரு என்று. பொய்கூட இல்லை அது. அதற்கும் எண் ஏறாவிட்டால் வேறு சோதனை எழுதித் தருவார்கள், அதற்கு அடுத்தது இன்னொன்று. வாயில் குளுக்கோஸின் தித்திப்பு இன்னும் போகவில்லை, நாக்கு பிசுபிசுவென்று மேலே ஒட்டிக்கொண்டது. கனைத்துக்கொண்டார். மிளகு என்று அவள் ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும்.

"ஒண்ணும் இல்லேன்னாலும் நீ வா" என்றார்.

"என்னது? கேக்கலை, குழந்தை கத்தறா. என்ன சொன்னீங்க?"

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள், அவளோடு வந்தவரும் பார்த்தார். கனகசபை திரும்பி நின்றுகொள்ளவில்லை.

"நீ வா சௌந்தரம்" என்றார், அந்தத் தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி.